காணி உறுதியும் தொல்குடி உரிமையும்

கண்டி மாநகரில் தலதா மாளிகையை அடுத்து, மரத்தூண்கள் தாங்கிய பழைய அரச மண்டபம் ஒன்று உண்டு. 1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் நாள் கண்டிப் பிரதானிகளும் தேசாதிபதி பிரவுன்றிக்கும் உடன்படிக்கை செய்துகொண்டது அங்கேதான். அவ்வுடன்படிக்கை கண்டி நாட்டின் ஆட்சியைப் பிரித்தானிய முடிக்கு அளித்தது. ஆயினும், எல்லா வகுப்பு மக்களின் உயிருக்கும் உடைமைக்கும் நாட்டில் வழங்கிய சட்டத்திற்கும் வழக்கத்திற்கும் ஏற்பக் காப்புண்டு என்று அதன் நான்காம் பிரிவு கூறிற்று. ஆட்சி கைமாறியது, உடைமை கைமாறவில்லை. இறைமை வேறு, உடைமை வேறு என்னும் இவ்வேறுபாடே தொல்குடி மக்களின் நிலவுரிமை பற்றிய சட்டக் கொள்கைக்கு அடிப்படையாகும்.

இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின் இவ்வேறுபாடு மங்கலாயிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுதலை நிறுவப்படும் வரை, முடிக்குரியவை எனக் கொள்ளப்படும் என்றது. சேனை நிலத்தைப் பொறுத்து அது மேலும் கடுமையாயிருந்தது. சேனைக்காரன் காட்டின் ஒரு பகுதியை வெட்டி எரித்துக் குரக்கன் முதலியன விதைப்பான். சில போகங்களின் பின் அந்நிலம் மீண்டும் காடாகும்படி பல ஆண்டுகள் விட்டுவைப்பான். கிராமத்தார்க்கு அது இன்னார் சேனை என்பது தெரியும். புறத்தே நின்று நோக்கும் உத்தியோகத்தர்க்கோ அது வெறுங்காடு. தோம்பு என்னும் நிலப்பதிவேடு நிலவாத கண்டிப் பகுதிகளில், அத்தகைய நிலத்தை உரிமை கோருவோர் அரச சன்னஸ் ஒன்றையும் எல்லைகளுக்குத் தக்க சான்றையும் காட்டவேண்டும். அன்றேல், அயலிலுள்ள தனியார் நிலங்களைப்போல இருபது ஆண்டுகளுள் வழக்கமான வரியோ ஊழியமோ செலுத்தியமையை நிறுவவேண்டும் என்று சட்டம் விதித்தது.

இதன் விளைவு யாது? கண்டி மன்னர் கோயில்களுக்கும் விகாரைகளுக்கும் பிரதானிகளுக்கும் சன்னஸ் வழங்கினர். மலைச்சாரலிலுள்ள ஒவ்வொரு சேனைக்கும் ஓலை எழுதிக் கொடுத்தாரல்லர். இல்லாத எழுத்தைச் சான்றாகக் கேட்பது, உள்ள உரிமையை இல்லையென்பதற்கு ஒப்பாகும். முடிக்குரியவையாகக் கொள்ளப்பட்ட காணிகள் ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்டன. 1844இல் அவ்விலை இருபது சிலிங்காயிற்று. கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. அரசாங்க உத்தியோகத்தர் பலரும் காணி வாங்கினர். கிராமத்தார் இழந்த நிலத்தின் அளவு பற்றி வரலாற்றறிஞர் கருத்து வேறுபடுவர். எனினும், நிறுவும் சுமை ஆண்டவன்மேலன்றி ஆளப்பட்டவன்மேல் ஏற்றப்பட்டதென்பதில் ஐயமில்லை.

இச்சுமையைப் பிறிதொரு நாட்டின் நீதிமன்றம் எவ்வாறு நோக்கியதென்பது ஈண்டு அறியத்தக்கது. அவுத்திரேலியா எவர்க்கும் உரியதல்லாத நிலமாயிருந்தது போலவே அந்நாட்டுச் சட்டம் நெடுங்காலம் நடந்துவந்தது. தொரெசு நீரிணையிலுள்ள மறே தீவுகளின் மக்கள், எடி கொய்க்கி மாபோ முதலியோரை முன்னிட்டு, 1982இல் வழக்குத் தொடுத்தனர். 1992 யூன் 3ஆம் நாள் அந்நாட்டு மேல் நீதிமன்றம், ஒருவர் மாறுபட அறுவர் ஒத்து, அம்மக்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. முடி இறைமை பெற்றதனால் மட்டும் மக்களின் பழைய நிலவுரிமை அழிவதில்லை. அவ்வுரிமையின் தோற்றுவாய் முடியின் கொடையன்று, அம்மக்களின் வழக்கமே என்பது அத்தீர்ப்பின் சாரம். தீர்ப்பைக் கேட்க மாபோ உயிருடன் இருக்கவில்லை; சில திங்களுக்கு முன்னரே மறைந்துவிட்டார். இவ்வுரிமைக்கும் எல்லையுண்டு: அரசு முறைப்படி பிறர்க்கு முழுவுடைமையாக வழங்கிய நிலத்தில் அது அழிந்துபடும், ஏனைய இடங்களில் வழக்கம் தொடர்ந்து வந்தமையை மக்களே நிறுவவேண்டும்.

நிலத்தோடு இக்கொள்கை நின்றுவிடவில்லை. குறிஞ்சியைப்போல நெய்தலையும் ஒரு திணையாக வகுத்த தமிழர்க்குக் கடலும் ஒரு குடியின் வாழிடமே என்பது புதிதன்று. 2001இல் குரோக்கர் தீவு வழக்கில் அதே நீதிமன்றம் கடலின்மீதும் தொல்குடி உரிமை உண்டென ஏற்றது. ஆயினும், யாவர்க்கும் பொதுவான மீன்பிடி, கப்பலோட்ட உரிமைகள் இருத்தலின், பிறரை விலக்கும் தனியுரிமை அதுவன்று என வரையறுத்தது.

இனி நம் நாட்டிற்கு மீள்வோம். கண்டியிலிருந்து கிழக்கே பதினெட்டு வளைவுகளையுடைய பாதை வழியாக இறங்கினால் மகியங்கனை, அதற்கப்பால் தம்பானை. அங்கு வாழும் வேடர் தம்மை ‘வன்னியலா எத்தோ’, அதாவது வனத்து மக்கள், என்பர். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூல், வேடர் குடும்பங்களுக்குத் தனித்தனி வேட்டைநிலங்கள் இருந்தமையையும், அவை மக்களுக்கும் மருமக்களுக்கும் வழிவழி சென்றமையையும் எடுத்துரைக்கின்றது. எனவே அவர்தம் காடு உடையவரில்லாக் காடன்று. ஆயினும் 1983இல் மாதுறு ஓயா தேசிய வனமாக அறிவிக்கப்பட்டபோது, அவர்கள் வேட்டையாடித் தேனெடுத்த நிலம் அவர்களுக்கே விலக்கப்பட்டதாயிற்று. பல குடும்பங்கள் மகாவலிக் குடியேற்றங்களுக்குப் பெயர்க்கப்பட்டன; முதுதலைவர் திசாகாமியும் சிலரும் தம்பானையை விட்டகல மறுத்தனர். கிழக்குக் கரையில் வாகரைப் பகுதியில் தமிழ் பேசும் கரையோர வேடரும் உளர். அவர்க்குக் கடலும் களப்புமே காடு. தொல்குடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் பிரகடனத்திற்கு 2007இல் இலங்கை ஆதரவாக வாக்களித்தது. எனினும் வேடரின் மரபுவழி நிலவுரிமையைத் தனியே ஏற்கும் சட்டம் இன்றுவரை இங்கு இயற்றப்படவில்லை.

எழுத்தில்லாதார் எங்ஙனம் நிறுவுவர் என்று வினவலாம். இந்தியாவின் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ் ஆக்கப்பட்ட விதிகள், ஊர் முதியோரின் வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்கின்றன. 1840இல் கண்டியில் கேட்கப்படாத சான்று இதுவே.

கோப்பியும் பின்னர்த் தேயிலையும் வளர்ந்த அம்மலைகளில், தலைமுறை தலைமுறையாக உழைத்தும் தாம் வாழும் மனைக்கு உறுதி பெறாத நம்மவர் நிலையும் இங்கே நினைவுக்கு வரும். அவர்கள் கோருவது தொல்குடி உரிமையன்று. நெடுங்கால வாழ்வாலும் உழைப்பாலும் எழும் வேறோர் உரிமை. இரண்டையும் ஒன்றாக்குதல் பொருந்தாது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுத்தலும் நீதியாகாது. இருசாராரிடமும் கேட்கப்படுவது ஒரே தாள்தான். உறுதி என்பது உரிமைக்குச் சான்று. உரிமையே உறுதியால் பிறப்பதன்று. சான்றில்லாதவனிடம் அவன் வாழ்ந்த வாழ்வையே சான்றாகக் கேட்டறியும் சட்டம் அமையுமாயின், 1815இல் அம்மண்டபத்தில் அளிக்கப்பட்ட சொல் பிழையாது நிற்கும்.