தீவுத்திடலில் பறந்த ஹோட்டல்காரர்!

உங்க மினி ப்ராஜெக்ட் எங்கே ரெடியாச்சு? உண்மையைச் சொல்லுங்க... ரிச்சி ஸ்ட்ரீட்தானே? கவலைப்படாதீங்க பாஸ், நானும் உங்க கட்சிதான். போன செமஸ்டர்ல ரெடிமேடா ஒரு போர்டை வாங்கிட்டுப் போய், வைவாவில் "இந்த கெபாசிட்டர் எதுக்கு?"ன்னு கேட்டதும் திருதிருன்னு முழிச்சவன் நான்.

அந்தக் கடுப்பில் இருந்தப்போ கண்ணில் பட்டவர்தான் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். ஐரோப்பாவில் இருந்து வந்து மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்தியவர். 1909 ஜூலை 25-ம் தேதி லூயி பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் இங்கிலீஷ் கால்வாயை விமானத்தில் தாண்டினார். உலகமே வாயைப் பிளந்தது. அடுத்த எட்டே மாதத்தில், 1910 மார்ச்சில், நம்ம ஹோட்டல்காரர் சொந்தமா ஒரு விமானத்தை டிசைன் பண்ணி, பல்லாவரத்தில் டெஸ்ட் பண்ணிட்டார். அப்புறம் பொருட்காட்சி போடுவாங்களே, அதே தீவுத்திடலில் டிக்கெட் போட்டு ஷோ!

விமானத்தைக் கட்டிக் கொடுத்தது யார் தெரியுமா? சிம்சன். இப்போ நம்ம வடசென்னை செம்பியத்தில் டீசல் இன்ஜின் பண்றாங்களே, அதே கம்பெனி. அன்னைக்கு அவங்க தொழில் கோச் வண்டி கட்டுறது.

குதிரை வண்டி கட்டுறவங்க விமானம் கட்ட முடியுமா? முடியும். ஏன்னா அந்தக் காலத்து பிரெஞ்சு விமானங்களைப் பிரிச்சுப் பார்த்தா, உள்ளே இருந்தது கிட்டத்தட்ட வண்டிப் பட்டறைச் சமாச்சாரம்தான். பிளேரியோவின் 'லெவன்' மாடலையே எடுத்துக்குங்க. ஆஷ் மரச் சட்டம், இறக்கைக்குத் துணி, இழுத்துக் கட்ட கம்பி. மொத்த எடை சுமார் 230 கிலோ. திரும்பணும்னா கம்பியை இழுத்து இறக்கையையே முறுக்கணும்! முன்னால் மாட்டியிருந்தது மூணு சிலிண்டர் அன்ஸானி இன்ஜின், சுமார் 25 குதிரைசக்தி. அன்ஸானி அதுக்கு முன்னாடி ரேஸ் பைக்குகளுக்கு இன்ஜின் செஞ்சவர். இன்னைக்கு ஒரு புல்லட் 350-லயே 20 இருக்கு. அந்த புல்லட் பல வருஷம் உருவான திருவொற்றியூர்லதான் என் வீடு. அதனால இந்தக் கணக்கு போட்டதும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

பிளேரியோவும் ஒரே நாளில் ஹீரோ ஆகலை. படிச்சது இன்ஜினீயரிங், பிழைப்பு கார் ஹெட்லைட் வியாபாரம். அதில் வந்த காசையெல்லாம் விமானத்தில் கொட்டினார். 1905-ல் அவருடைய ரெண்டாவது மாடல், என்ஜினே இல்லாத கிளைடர், பாரிஸின் ஸேன் நதியில் விழுந்தது. ஓட்டின காப்ரியேல் வாய்ஸின் மூழ்கிச் சாகத் தெரிஞ்சார். கால்வாய் தாண்டினது பதினொண்ணாவது மாடல். நமக்கு ஒரு அரியர் வந்தாலே வீட்டில் சோறு இறங்காது!

பிரெஞ்சுக்காரங்க விட்டுட்டுப் போன வார்த்தைகளும் நம்ம சிலபஸ்லயே இருக்கு. ஃபியூஸலாஜ், அய்லரான் எல்லாம் அவங்க சரக்கு. அய்லரான்னா குட்டி இறக்கைன்னு அர்த்தம். ஏரோநாட்டிகல் பசங்க கேட்டு வெச்சுக்குங்க.

அடுத்த வருஷமே, 1911 பிப்ரவரி 18-ல், ஆன்றி பெக்கே என்ற பிரெஞ்சு பைலட் அலகாபாத்தில் இருந்து யமுனையைத் தாண்டி நைனிக்கு சுமார் 6,500 கடிதங்களைக் கொண்டுபோனார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அது. பதிமூணு நிமிஷப் பயணம். அந்த விமானமும் ரோஜர் ஸொம்மேர்னு ஒரு பிரெஞ்சுக்காரர் டிசைன்.

இதையெல்லாம் எங்க தெரு புல்லட் மெக்கானிக் அண்ணன்கிட்ட அளந்துட்டு, செல்போனில் அன்ஸானி இன்ஜின் படத்தைக் காட்டினேன். கையைத் துடைச்சுட்டு வாங்கிப் பார்த்தார்.

"மூணும் ஏர் கூலிங்கா? அரை மணி நேரம் விடாம ஓட்டினா காய்ஞ்சுடுமே தம்பி!"

அதேதான். அன்ஸானிக்கு இருந்த பெரிய தலைவலியே ஹீட்தான். கால்வாயைத் தாண்ட ஆன நேரம் அரை மணிக்குக் கொஞ்சம் மேல. நான் நெட்டில் தேடிப் படிச்சதை அவர் படத்தைப் பார்த்தே சொல்லிட்டார்.

போனைத் திருப்பிக் கேட்டேன். தரலை. "இரு, கார்புரேட்டர் எங்கே வெச்சிருக்கான்னு பார்க்கறேன்"னு ஜூம் பண்ணிட்டிருந்தார்.