அஜீரணத்திற்கு மஞ்சள்: ஒரு பரீக்ஷை

மஞ்சள் பயிரிடும் நம் குடியானவர்கள் அதன் மருத்துவ குணத்தை வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பார்களேயன்றி, அது பரீக்ஷிக்கப்பட்ட விதத்தை அறிந்திருத்தல் அரிது. நாட்பட்ட அஜீரணம் தானே ஏறித் தானே தணியும் இயல்புடையது. தணியும் சமயத்தில் எதை உட்கொண்டாலும் அதுவே மருந்தாகத் தோன்றும். இம்மயக்கத்தை நீக்கத் தாய்லாந்து வைத்தியர்கள் முயன்றனர். 1989-ல் வெளியான அவர்களது பரீக்ஷையில் ஒரு சாராருக்கு மஞ்சள் குளிகையும், மற்றொரு சாராருக்கு மருந்தில்லாப் போலிக் குளிகையும் அளிக்கப்பட்டன. எவர் எதை உண்டார் என்பதை நோயாளியும் அறியார், வைத்தியரும் அறியார். மஞ்சள் உண்டவர்களில் 100-க்கு 87 பேர் குணங் கண்டனர். போலியை உண்டவர்களிலோ 100-க்கு 53 பேர்! ஆகவே மஞ்சளின் பலன் 87 அன்று; இவ்விரண்டிற்கும் உள்ள வித்தியாசமே.

2023-ல் வெளியான மற்றொரு தாய்லாந்துப் பரீக்ஷையில் 206 பேர் சேர்க்கப்பட்டனர். மஞ்சளின் சத்தாகிய குர்க்குமின், ஓமிப்ரசோல் என்னும் மருந்துக்கு நிகராக உபாதையைத் தணித்தது. ஆயினும் போலிக் குளிகை மட்டும் உண்ட பிரிவு அதில் இல்லாமை ஒரு குறையே.

பித்தப்பையில் கல்லுள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்துண்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் மஞ்சளை மருந்தளவில் உட்கொள்ளலாகாது. உடல் மெலிவு, கறுத்த மலம், விழுங்குவதில் தடை ஆகியவை காணின் வீட்டு வைத்தியத்தை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.