பூண்டில் நீலப் பொடியா? நறுக்கிவிட்டுச் சமைக்காதீர்கள்!

பிள்ளை பெற்ற வீடென்றால் பூண்டைக் கிலோ கணக்கில்தான் வாங்கி வைப்போம். பத்தியக் குழம்பு, பூண்டுப் பால், லேகியம் என்று தினமும் அதற்கு வேலை இருக்கும். பத்து நாள் கழித்துப் பையைத் திறந்தால் ஒரு பூண்டு மட்டும் நெட்டி மாதிரி லேசாக இருக்கும். உரித்தால் பல்லின் மேல் நீலப் பச்சையாகப் பொடி!

"கெட்டதை மட்டும் நறுக்கிட்டு மிச்சத்தைப் போடு. கொதிச்சா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்ல எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

சரியாகாதுங்க. கண்ணுக்குத் தெரியும் பொடி பூசணத்தின் வித்துக்கள். அதன் இழைகள் பல்லுக்குள் ஏற்கெனவே இறங்கியிருக்கும். சில பூசணங்கள் உண்டாக்கும் நச்சு, கொதிக்க வைத்தாலும் முழுசாக அழியாது. அதனால் பொடி பிடித்த பல், அமுக்கினால் மெத்தென்று போகிற பல் இரண்டையும் தூக்கி எறியுங்கள். அதே பூண்டில் பக்கத்துப் பல் கெட்டியாக, கறையில்லாமல் இருக்கிறதா? உரித்துக் கழுவித் தாராளமாகச் சமைக்கலாம். ஒவ்வொரு பல்லுக்கும் தனிச் சட்டை இருக்கிறதே, அதுதான் காப்பாற்றுகிறது.

இந்த நீலப் பூசணத்தின் பெயர் பெனிசிலியம். "அட, பென்சிலின்! மருந்துதானே?" என்று கேட்காதீர்கள். 1928-ல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் மருந்தைக் கண்டது இதே குடும்பத்தின் வேறொரு வகையில்.

தோலுக்கு அடியில் மை கொட்டினாற்போல் கறுப்புப் பொடி இருந்தால் அது ஆஸ்பெர்ஜில்லஸ். உள்ளே பல் கெட்டியாக இருந்தால் தோலோடு போய்விடும். பல்லில் பழுப்பாகக் குழி விழுந்து, வெள்ளையாகவோ ரோஸ் நிறத்திலோ பஞ்சு படர்ந்திருந்தால் ஃபியுசேரியம். யோசிக்காமல் குப்பைக்கு அனுப்புங்கள். எதுவானாலும் முறத்தில் போட்டுப் புடைக்க வேண்டாம். வித்துக்கள் பறக்கும்; ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு வந்துவிடலாம்.

எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பூண்டு பச்சையாகிவிட்டதே என்று சிலர் ஜாடியையே கொட்டிவிடுகிறார்கள். பாவம்! பூண்டிலுள்ள கந்தகச் சத்து புளிப்போடு சேர்ந்து செய்யும் வேலை அது. மேலே பொடியோ பஞ்சோ இல்லையென்றால் பூசணம் இல்லை.

பூசணம் நுழைவது பெரும்பாலும் காயத்தின் வழியாக. மண்வெட்டி பட்டது, மூட்டை விழுந்தது, வீட்டில் நாம் 'பொத்'தென்று போட்டது எல்லாமே காயம்தான். அதோடு ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே பூண்டைத் தாளோடு கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்டி வைப்பார்கள். ஈரம் அண்டாது.

ஃபிளாட்டில் புகைக்கு எங்கே போவது? பாலிதீன் பையிலிருந்து எடுத்துக் கம்பிக் கூடையில் காற்றாடப் போடுங்கள். முழுப் பூண்டுக்கு ஃப்ரிட்ஜ் வேண்டாம், முளைத்துவிடும். மழைக் காலத்தில் கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். வாரம் ஒருமுறை கூடையைக் கிளறி, கைக்கு லேசாகப் படுவதை அப்போதே தனியே எடுத்துவிடுங்கள்.