காணியும் காவலும்

அதிகாரம் யாருடையது? – 9

சென்ற வாரம் எடின்பரோவில் இருந்தோம். 1999-ல் கூடிய ஸ்காட்லாந்து நாடாளுமன்றம், லண்டன் இயற்றிய ஒரு சட்டத்தால் பிறந்தது என்று பார்த்தோம். இந்த வாரம் டெல்லி.

சிவில் லைன்ஸ் பகுதியில், 1912-ல் எழுந்த பழைய தலைமைச் செயலகக் கட்டடத்தில்தான் டெல்லி சட்டமன்றம் இயங்குகிறது. சுதந்திர இந்தியாவில் டெல்லிக்கு முதல் சட்டமன்றம் 1952-ல் வந்தது. சௌத்ரி பிரம்ம பிரகாஷ் முதலமைச்சரானார். ஆயுள் நான்கே ஆண்டுகள். 1956 நவம்பர் 1 அன்று தென்னகம் மொழிவழி மாநிலங்களைப் பெற்றது. அதே நாளில் டெல்லி யூனியன் பிரதேசமாகித் தன் சட்டமன்றத்தை இழந்தது. அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்கு 1993 வரை, 37 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. லண்டன் மாநகர மக்களுக்கும் இது நேர்ந்தது. 1986-ல் அவர்களுடைய மாநகர மன்றத்தை மார்கரெட் தாட்சர் அரசு கலைத்தது. புதிய மன்றம் வர 2000 ஆயிற்று.

அதிகாரப் பகிர்வின் இயல்பே இதுதான். மேலே இருப்பவர் தருகிறார். தந்தவரே திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். கூட்டாட்சியில் இரு அரசுகளுக்கும் அதிகாரம் அரசமைப்பிலிருந்து வருகிறது. ஒன்று மற்றொன்றின் கிளை அலுவலகம் அல்ல.

டெல்லிக்கு 1991-ல் 69-வது திருத்தம் சட்டமன்றத்தைத் திருப்பித் தந்தது. ஆனால் பொது ஒழுங்கு, போலீஸ், நிலம் மூன்றையும் ஒன்றிய அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. தெருவில் ஒரு பெண் தாக்கப்பட்டால், டெல்லி போலீஸ் பதில் சொல்ல வேண்டியது உள்துறை அமைச்சகத்துக்கு. அவள் வாக்களித்த முதலமைச்சருக்கு அல்ல. அதிகாரிகளாவது யாருக்குக் கட்டுப்பட்டவர்கள்? தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்கே என்று 2023 மே 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். எட்டே நாளில், மே 19 அன்று, ஓர் அவசரச் சட்டம் அதை மாற்றியது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் அதையே சட்டமாக்கியது.

நிலம், போலீஸ். ஈழத்தமிழர் காதில் இந்த இரண்டு சொற்களும் வேறு விதமாக ஒலிக்கும். 1987-ல் டெல்லியின் முயற்சியால் கையெழுத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து இலங்கை அரசமைப்பில் 13-வது திருத்தம் வந்தது. மாகாண சபைகள் பிறந்தன. ‘காணி, பொலிஸ் அதிகாரம்’ ஏட்டில் இருந்தும் கைக்கு வரவில்லை. வடமாகாண சபைக்கு முதல் தேர்தலே 2013-ல்தான் நடந்தது. 2018 அக்டோபரில் அதன் பதவிக்காலம் முடிந்த பின், ஆண்டுக்கணக்கில் மறுதேர்தல் இல்லை. ஈழத்தமிழர் தலைமுறைகளாகக் கேட்டது ‘சமஷ்டி’, அதாவது கூட்டாட்சி. கிடைத்தது பகிர்வு, அதுவும் அரைகுறையாக.

தலைநகரம் நாட்டுக்கே பொதுவானது, அதன் பாதுகாப்பை ஒன்றிய அரசுதான் பார்க்க வேண்டும் என்பார்கள். நாடாளுமன்றத்துக்கும் தூதரகங்களுக்கும் அந்த வாதம் பொருந்தும். இரண்டு கோடிப் பேர் வாழும் நகரம் முழுவதற்கும் பொருந்தாது. பெர்லினும் தலைநகரம்தான். அது ஜெர்மனியின் முழு மாநிலமும்கூட. தனக்கென்று போலீஸ் உண்டு. மாநிலங்களின் அவையில் நான்கு வாக்குகளும் உண்டு.

டெல்லியின் தொல்லை நமக்கெதற்கு என்று தமிழ்நாடு இருந்துவிட முடியாது. நம் அரசமைப்பின் 3-வது பிரிவின்படி, ஒரு மாநிலத்தின் எல்லையையோ பெயரையோ மாற்றுவதற்கு அதன் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், சம்மதம் தேவையில்லை. 2019-ல் ஜம்மு காஷ்மீர் குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தது. கருத்துச் சொல்லவும் சட்டமன்றம் இல்லாத நேரத்தில் அந்த மாநிலம் இரண்டு யூனியன் பிரதேசங்களானது.

ஆகவே, மாநிலங்களுக்கு எத்தனை அதிகாரங்கள் என்று பட்டியலை எண்ணுவதற்கு முன் ஒன்றைக் கேட்போம்: அவற்றைப் பறிக்க யாருடைய சம்மதம் வேண்டும்? ‘அந்த மக்களின் சம்மதம்’ என்ற விடை அரசமைப்பில் எழுதப்படும் நாளில்தான், 1956-ல் டெல்லிக்கு நேர்ந்தது இனி எவருக்கும் நேராது.

(அடுத்த வாரம்: 1971-ல் ராஜமன்னார் குழு சொன்னது என்ன?)