ஒரே விமானம், இரு படைகள்

2025ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் நமது சர்க்கார் பிரெஞ்சு தேசத்துடன் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. கடற்படைக்காக 26 ரஃபேல் விமானங்கள். அவற்றுள் 22 ஒருவர் ஏறிச் செலுத்துவன, 4 இருவர் ஏறுவன. செலவு 60,000 கோடி ரூபாய்க்கு மேல். இதே குலத்தைச் சேர்ந்த 36 விமானங்களை 2016ஆம் வருஷத்து ஒப்பந்தப்படி நமது விமானப்படை முன்னரே வாங்கியிருக்கிறது. விலையைப் பற்றி ஆராய வேண்டியதுதான்; பணம் ஜனங்களுடையது. ஆனால் விலையினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. ஒரே விமானத்தை இரு படைகள் செலுத்தும்பொழுது, ஒரு படை கற்ற பாடம் மற்றதன் காதுக்கு எட்டுமா? இருவரும் ஒரே ஆகாயத்தில் ஒருவரோடொருவர் மோதிப் பழகுவார்களா? அல்லது தத்தம் வேலிக்குள் நின்று தத்தம் வித்தையைத் தாமே மெச்சிக்கொண்டிருப்பார்களா?

இது வீண் தர்க்கமன்று. இக்கேள்விக்கு அமெரிக்கா வியட்நாமில் உயிர்களை விலையாகக் கொடுத்து விடை பெற்றிருக்கிறது.

ஃபாண்டம் என்ற பெயர் கொண்ட சண்டை விமானம் 1958ஆம் வருஷம் முதன்முதலாகப் பறந்தது. அது கடற்படைக்கென்று செய்யப்பட்டது. கப்பல் தளத்திலிருந்து கிளம்பி அதே தளத்தில் வந்து இறங்குவது. படைக்கு ஒரு விமானம் என்று பணத்தை வாரி இறைப்பானேன் என்று எண்ணிய ராணுவ மந்திரி மக்நமாரா, அதையே விமானப்படையின் தலையிலும் கட்டினார். இரு படைகளும் அதில் ஏறியே வியட்நாம் யுத்தத்துக்குச் சென்றன. அவ்விமானத்தில் ஆதியில் பீரங்கி கிடையாது. ஏவுகணைகளின் யுகம் பிறந்துவிட்டது, இனி விமானமும் விமானமும் நெருங்கிச் சுழன்று போரிடும் காலம் போயிற்று என்று நிபுணர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். முடிவு கட்டியவர்கள் வாஷிங்டனில் இருந்தார்கள். அதன் பலனை அனுபவித்தவர்கள் ஹனோய் நகருக்கு மேலே இருந்தார்கள்.

1965 முதல் 1968 வரை நடந்ததென்ன? வட வியட்நாமியர் செலுத்திய மிக்-17 சிறியது, பழையது, வேகம் குறைந்தது. ஆனால் அது சட்டென்று திரும்பும். அதனிடம் பீரங்கி இருந்தது. ஃபாண்டமோ கரும்புகையை வாலாக நீட்டிக்கொண்டு, பல மைல் தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும்படி வந்தது. அக்காலத்தில் அமெரிக்கர் விட்ட ஏறக்குறைய 600 ஏவுகணைகளில் பத்தில் ஒன்றே காரியத்துக்கு உதவிற்று என்று அவர்களுடைய விசாரணையே கூறிற்று. கொரியா யுத்தத்தில் தம் விமானம் ஒன்றுக்குப் பகை விமானம் பத்து என்று பெருமை பேசியவர்கள், வியட்நாமில் ஒன்றுக்கு இரண்டு என்று இறங்கினார்கள்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். வட வியட்நாமின் ஆகாயத்தை இரு படைகளும் பாகம் பிரித்துக்கொண்டிருந்தன. இது உன் பங்கு, அது என் பங்கு என்று, பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிய அண்ணன் தம்பிகளைப் போல! வடகோடியிலிருந்த ஒரே பகுதியையும் இரண்டாக வெட்டி, மேற்கு விமானப்படைக்கு, கிழக்குக் கடலோரம் கடற்படைக்கு என்று ஒதுக்கினார்கள். பகைவனுக்கு அப்படி ஒரு கோடும் இல்லை. அவனுடைய ஆகாயம் முழுவதும் ஒன்றாகவே இருந்தது.

ஆயுதத்திலும் இந்த ஜாதி அபிமானம் புகுந்தது. சைடுவைண்டர் என்ற ஏவுகணை கடற்படையின் சாஸ்திரிகள் சைனா லேக் என்ற இடத்தில் கண்டுபிடித்தது. விமானப்படையார் தமது சொந்தச் சரக்காகிய ஃபால்கனை 1967இல் புதிய ஃபாண்டங்களில் பூட்டி அனுப்பினார்கள். தாய்லாந்தில் உபோன் தளத்தின் சேனாபதியாக இருந்த ராபின் ஓல்ட்ஸ் அதைச் சண்டையில் பரீட்சித்துப் பார்த்து மனம் வெறுத்து, கழற்றி எறிந்துவிட்டுச் சைடுவைண்டரையே மறுபடி பூட்டச் செய்தார். களத்தில் நின்றவருக்கு ஆயுதம் யார் வீட்டுப் பிள்ளை என்பதில் அக்கறை இல்லை.

1968 நவம்பரில் குண்டுவீச்சு நிறுத்தப்பட்டது. யுத்தத்தில் ஓர் இடைவேளை. இந்த இடைவேளையை இரு படைகளும் எப்படிப் பயன்படுத்தின என்பதே நம் விஷயத்தின் உயிர்நாடி. கடற்படை, காப்டன் ஃபிராங்க் ஆல்ட் என்பவரை விசாரணைக்கு ஏற்படுத்தியது. அவர் ஏவுகணை செய்யும் தொழிற்சாலை முதல் அதை விடும் விமானியின் விரல் வரையில் துருவி ஆராய்ந்து, 242 யோசனைகளை எழுதினார். அவற்றுள் ஒன்று, ஆகாயச் சண்டைக்கென்று உயர்தரப் பள்ளி ஒன்று வேண்டும் என்பது. 1969 மார்ச்சில் கலிபோர்னியாவில் மிராமார் என்ற தளத்தில், ஒரு பழைய டிரெய்லர் கொட்டகையில், விரல் விட்டு எண்ணக்கூடிய வாலிப ஆசிரியர்களோடு அப்பள்ளி தொடங்கிற்று. டாப்கன் என்று உலகம் அறிந்த பள்ளி அதுதான். சினிமாவில் காட்டும் பகட்டு ஒன்றும் அன்று அங்கே இல்லை.

அப்பள்ளியின் ரகசியம் எளியது. ஃபாண்டம் ஃபாண்டத்தோடேயே மோதிப் பழகினால், ஃபாண்டத்தை வெல்லத்தான் கற்றுக்கொள்ளும். ஆகவே மிக்-17 போல நடிக்கச் சின்னஞ்சிறு ஏ-4 விமானத்தையும், மிக்-21 போல நடிக்க டி-38 விமானத்தையும் எதிரே நிறுத்தினார்கள். மாணவர்கள் முதல் நாள் தோற்றார்கள். இரண்டாம் நாளும் தோற்றார்கள். ஏன் தோற்றோம் என்று கரும்பலகை முன் நின்று விளக்கம் கேட்டார்கள். பாடம் முடிந்தபின் ஒவ்வொருவரும் தத்தம் அணிக்குத் திரும்பி, தாம் கற்றதை மற்றவர்களுக்குக் கற்பித்தார்கள். சொற்பப் பேர் கற்றது படை முழுவதும் பரவிற்று.

விமானப்படையோ குற்றம் இயந்திரத்தில் என்று தீர்மானித்தது. ஏவுகணையைத் திருத்து, பீரங்கியைப் பூட்டு என்றது. பீரங்கி வந்தது நல்லதே. ஆனால் வெவ்வேறு இன விமானங்களை மோதவிட்டுப் பழக்கினால் விபத்து நேரும், விபத்து நேர்ந்தால் மேலதிகாரி பதில் சொல்ல வேண்டும் என்ற பயத்தால் பயிற்சியைச் சுருக்கியே வைத்தது. சமாதான காலத்தில் விபத்துக் கணக்குச் சுத்தமாயிருந்தது.

அணிவகுப்பிலும் பேதம் உண்டு. விமானப்படையில் நான்கு விமானங்கள் சேர்ந்து செல்லும், தலைவனே சுடுவான், துணைவன் அவன் முதுகைக் காத்துக்கொண்டு ஒட்டியே வர வேண்டும். கடற்படையில் இரண்டே விமானங்கள், விலகி நின்று பறக்கும். எவன் முதலில் பகைவனைக் கண்டானோ அவனே பாய்வான், மற்றவன் காப்பான். நொடியில் வேஷம் மாறும். முன்னதில் நால்வரின் கண்களும் தலைவன் ஒருவனுக்கே ஊழியம் செய்தன.

1972இல் மறுபடி போர் மூண்டது. மே 10ஆம் தேதி ஒரே நாளில் அமெரிக்கர் 11 மிக் விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குச் சொன்னார்கள். அவற்றுள் 8 கடற்படையுடையது, 3 விமானப்படையுடையது. அந்த வருஷத்தில் கடற்படை தன் விமானம் ஒன்றை இழந்தால் பகைவனுடையது சுமார் 12 என்ற நிலைக்கு உயர்ந்தது. விமானப்படை பழையபடி இரண்டிலேயே நின்றது. இவை ஒரு தரப்பின் கணக்கு. வட வியட்நாமியர் வேறு கணக்குச் சொல்வார்கள். விமானப்படைக்கு நியாயமும் செய்ய வேண்டும்: அவர்கள் எதிர்ப்பட்டது பெரும்பாலும் வேகமிக்க மிக்-21, கடற்படை எதிர்ப்பட்டது பெரும்பாலும் மிக்-17. இவ்வளவும் தள்ளினாலும் மிஞ்சும் வித்தியாசத்துக்குக் காரணம் பள்ளியே என்பது நமது அபிப்பிராயம். ஒரே விமானம், ஒரே ஆகாயம், ஒரே தேசத்து வாலிபர்கள்! மிராமாரில் மூன்று வருஷமாகத் தெரிந்திருந்த பாடம், அதே தேசத்தின் மற்றொரு படையின் காதை எட்டவில்லை. அந்த மூன்று வருஷத்தின் விலையை விமானப்படையின் வீரர்கள் தம் உயிராலும், ஹனோய்ச் சிறைவாசத்தாலும் செலுத்தினார்கள்.

பின்னர் விமானப்படை கண் திறந்தது. 1972இல் பகைவனாக நடிக்கவென்றே நெல்லிஸ் தளத்தில் ஓர் அணியை ஏற்படுத்தியது. தன் இழப்புகளை ஆராய்ந்து, விமானி தன் முதல் பத்துச் சண்டைகளுக்குள்ளேயே பெரும்பாலும் மடிகிறான் என்று கண்டது. அப்படியானால் அந்தப் பத்துச் சண்டைகளையும் உள்நாட்டிலேயே காட்டிவிடுவோம் என்று 1975 நவம்பரில் ரெட் ஃபிளாக் என்ற பயிற்சியைத் தொடங்கிற்று. இங்கே வேலி உடைந்தது. கடற்படையும் கடற்படைத் துருப்பினரும் நேச தேசத்தாரும் வந்து மோதினார்கள். விமானங்களில் பூட்டிய கருவிகள் ஒவ்வொரு அசைவையும் பதிந்து திரையில் காட்டின. யாரை யார் சுட்டது என்ற பழைய சச்சரவுக்கு இடமில்லாமற் போயிற்று. இறங்கியபின் நடக்கும் விசாரணையில் பதவியைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு வர வேண்டும். கர்னலின் தவறை லெப்டினன்ட் எடுத்துச் சொல்வான்.

உச்சம் என்னவென்றால், 1979 முதல் 1988 வரை நெவாடா பாலைவனத்தில் டோனோபா என்ற இடத்தில் அசல் மிக் விமானங்களையே ஒளித்து வைத்து, விமானப்படை, கடற்படை, கடற்படைத் துருப்பு ஆகிய மூன்றின் விமானிகளுக்கும் அவற்றோடு மோதும் அனுபவத்தைக் கொடுத்தார்கள். 15,000 தடவைக்கு மேல் அவை பறந்தன. 2006இல்தான் இச்செய்தி வெளியாயிற்று. ஒரு காலத்தில் ஏவுகணையைக்கூடப் பங்குபோட மனமில்லாத படைகள், தம் தேசத்தின் மிகப் பெரிய ரகசியத்தைப் பங்கிட்டுக்கொண்டன.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1971 டிசம்பர் 10ஆம் தேதி, வங்காள விடுதலைப் போர் முடியும் தறுவாயில், குல்னாவுக்கு அருகே ரூப்ஷா நதியில் பத்மா, பலாஷ் என்ற இரண்டு பீரங்கிப் படகுகள் சென்றன. முக்தி வாகினியின் படகுகள். நமது கடற்படை அதிகாரிகளின் தலைமையில் சென்றவை. அவற்றைப் பகைவனுடையவை என்று எண்ணி நமது விமானங்களே தாக்கி மூழ்கடித்தன. பலாஷில் இருந்த ருஹுல் அமீன் அன்று உயிர் நீத்தார். வங்காளதேசம் தன் தலைசிறந்த வீர விருதை அவருக்கு அளித்து இன்றும் போற்றுகிறது. அந்த விமானிகள் கோழைகளுமல்லர், மூடர்களுமல்லர். கீழே செல்லும் படகு யாருடையது என்று மேலே பறப்பவனுக்குத் தெரிவிக்கும் வழி அன்று போதவில்லை.

அதே 1971இல் நமது விமானப்படை ஆகாயச் சண்டைத் தந்திரங்களுக்கென்று ஒரு பள்ளியை ஏற்படுத்தியது. பின்னாளில் குவாலியருக்கு வந்த அப்பள்ளி உலகப் பிரசித்தமானது. நமது கடற்படை விமானிகள் ஆரம்பப் பாடத்தை விமானப்படையிடமே கற்பதும் நெடுநாள் வழக்கம். 2024 ஆகஸ்டில் நமது கோயம்புத்தூரை அடுத்த சூலூரில் ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், ஸ்பானியர், ஆங்கிலேயர் ஆகியோர் தம் விமானங்களோடு வந்து நம்மவரோடு பயிற்சி செய்தார்கள். அதன் இரண்டாம் பகுதி ஜோத்பூரில் நடந்தபொழுது, செப்டம்பர் 9ஆம் தேதி, முப்படைகளின் உபதளபதிகளும் ஒரே சமயத்தில் தேஜஸ் விமானங்களில் பறந்தார்கள். கண்ணுக்கு இனிய காட்சி. ஆனால் ஒரு நாள் காட்சி வேறு, தினசரிப் பழக்கம் வேறு. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து வரும் அந்நியரோடு மோதிப் பழக நமக்கு வழி உண்டென்றால், கோவாவிலிருக்கும் கடற்படை அணியும் அம்பாலாவிலும் ஹாசிமாராவிலும் இருக்கும் ரஃபேல் அணிகளும் வருஷந்தோறும் ஒரே களத்தில் எதிரெதிரே நிற்பதற்குத் தனி ஏற்பாடு வேண்டாமா?

கடற்படையின் ரஃபேல்கள் 2028 முதல் வரத் தொடங்கும் என்று திட்டம். விமானங்கள் வந்தபின் யோசிப்பது காலங்கடந்த யோசனை. இரு படைகளுக்கும் பொதுவான ஆசிரியர் குழு ஒன்று இப்பொழுதே அமைய வேண்டும். அதில் கடற்படையாரும் விமானப்படையாரும் சமமாக அமர வேண்டும். அம்பாலாவில் ஒரு விமானி இன்று கற்ற பாடம், கோவாவிலிருக்கும் விமானியைச் சென்றடைய எத்தனை காரியாலயங்களின் மேஜைகளைக் கடக்க வேண்டியிருக்கிறது, எத்தனை நாள் ஆகிறது என்பதைப் பாராளுமன்ற அங்கத்தினர் எவரேனும் ராணுவ மந்திரியை எழுந்து கேட்கட்டும்.