கீரைக்கொல்லை கேட்ட ராஜாவும் எங்கள் திராட்சைத் தோட்டமும்

கம்பத்துக்குப் பக்கத்தில் சுருளிப்பட்டியில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை இருக்கிறது. மாமனார் கல் தூண் நட்டுப் போட்ட பந்தல். அவரும் மாமியாரும் உயில் எழுதாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் இரண்டே பேர்: என் வீட்டுக்காரர், அவர் தங்கை. நாத்தனார் புருஷனை இழந்தவள். போடியில் ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குப் போய்ப் பிழைக்கிறாள்.

லோன் போட நிலம் முழுவதும் இவர் பேருக்கு வர வேண்டியிருந்தது. தங்கையிடம் விடுதலைப் பத்திரம் கேட்க இவருக்கு வாய் வரவில்லை. நான்தான் பத்திரம் எழுதுகிறவரிடம் போய் நகல் எழுதி வாங்கி வந்தேன். "கல்யாணத்துக்குப் போட்ட பதினைந்து பவுன் போதாதா?" என்று இவருக்குப் பாடமும் நடத்தினேன்.

எனக்குத் தைரியம் கொடுத்தது ஒரு வாக்குத்தத்த அட்டை. வருஷம் பிறக்கிற ராத்திரி ஆராதனை முடிந்ததும் சர்ச்சில் ஆளுக்கொன்று எடுப்போம். எனக்கு வந்தது யாபேஸின் ஜெபம், எல்லை பெரிதாகும் என்று. (மற்ற சகோதரிகள் கோயிலில் பூ போட்டுப் பார்ப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். எங்கள் போதகரம்மா கேட்டால் கோபிப்பார்!) ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் 1731 முதலே நாளுக்கொரு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுத்துப் புத்தகமாக அச்சிடுகிறார்களாம். ஆக, ஆசை எல்லா ஊருக்கும் பொதுதான்.

அட்டை ஒரு பக்கம் இருக்க, விடியற்காலையில் அடுப்பு பற்ற வைக்குமுன் வேதத்தில் ஒரு அதிகாரம் வரிசையாக வாசிப்பது என் அம்மா பழக்கிவிட்டது. பதிவுக்கு இரண்டு நாள் இருக்கையில் வந்து நின்றது 1 இராஜாக்கள் 21. நாபோத்தின் திராட்சைத் தோட்டம்!

சண்டே ஸ்கூலில் படித்த கதைதான். அரண்மனைக்குப் பக்கத்துத் தோட்டத்தைக் கீரைக்கொல்லை போடக் கேட்கிறான் ஆகாப் ராஜா. முன்னோர் சொத்து, தரமாட்டேன் என்கிறான் நாபோத். ராஜா சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிடுகிறான். அவன் பேரில் கடிதம் எழுதி முத்திரை போட்டது பெண்டாட்டி யேசபேல். அந்த இடத்தில் எனக்குக் கை நடுங்கிவிட்டது. பீரோவில் நகல் பத்திரம் இருக்கிறதே! வேதம் வாசிக்கையில் என்னை ரூத்தாக நினைத்திருக்கிறேன், அன்னாளாக நினைத்திருக்கிறேன். இப்படி ஒரு நாளும் நினைத்ததில்லை. இந்த அதிகாரத்தை யாரும் அட்டையில் அச்சடிக்கவும் மாட்டார்கள்.

விசாரித்தால், 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயில் இல்லாத சொத்தில் எங்களில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவப் பெண்களுக்கு இது கிடைக்க, மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986-ல் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. இங்கே இருக்கிற உரிமையே நாத்தனாருக்குத் தெரியாது.

போடிக்குப் பஸ் ஏறினேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கையெழுத்துப் போடத்தான் கூப்பிட வந்திருக்கீகன்னு நினைச்சேன் மதினி" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டில் பத்து நாள் பேச்சு வார்த்தை இல்லை. "லோனுக்கு உன் வேதம் ஜாமீன் போடுமா?" என்றார் இவர். அப்புறம் அவராகவே சர்வேயருக்கு மனு எழுதினார். ஆளுக்கு ஒரு ஏக்கர், கிணறு மட்டும் பொது. லோன் பாதிதான் கிடைக்கும்.

சரியாக முப்பதாம் நாள் வாசிப்பு 1 நாளாகமம் 4-க்கு வந்தது. வெறும் பெயர்ப் பட்டியல் என்று வேகமாகப் போனால் நடுவில் யாபேஸ்! எல்லை பெரிதாகக் கேட்டவன், அதே மூச்சில் தீங்குக்குத் தன்னை விலக்கிக் காக்கும்படியும் கேட்டிருக்கிறான். அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்தப் பாதியை அதில் போடவே இல்லை.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சுருளிப்பட்டி