மேட்ச் நாளும் நம் கடை வாசலும்

பலசரக்கு மொத்த வியாபாரி ஒருவன் கால்பந்து மைதானத்தைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். நான் கால்பந்து பார்க்கிற ஆள் அல்ல. என்னை எழுத வைத்தது ஒரு லாரி.

சில வருடங்களுக்கு முன் தேங்காய் எண்ணெய் கொள்முதலுக்காக மருமகனுடன் கொச்சிக்குப் போயிருந்தேன். விலை பேசி, பணம் கட்டி, பில்லும் வாங்கியாயிற்று. கிடங்கு கலூர் பக்கம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் லாரியைக் கொண்டு போனால், போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அன்று மாலை மைதானத்தில் ஆட்டம், பெரிய வண்டிக்கு வழி கிடையாது என்றார். சாலை முழுவதும் மஞ்சள் சட்டை. ஆட்டம் முடிந்து கூட்டம் கலையும்போது இரவு 11 மணி. அதற்குமேல் லோடு ஏற்ற ஆள் ஏது? மறுநாள் காலையில்தான் டின்கள் ஏறின. மசினகுடியில் ஒரு கல்யாண வீட்டுக்குச் சொன்ன நாளில் எண்ணெய் கொடுக்க முடியவில்லை. அவர்கள் ஊட்டியில் சில்லறை விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். பண நஷ்டம் பெரிதல்ல, சொன்ன சொல் போனதுதான் பெரிது.

அன்று லாரிக்குள் உட்கார்ந்து யோசித்ததையும் பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். மைதானம் இல்லாத ஊர்க்காரர்களும் படிக்கலாம். நம்மிடம் மைதானம் இல்லையே தவிர, மேட்ச் நாள் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கூட்டத்தின் கணக்கு. சந்தைக் கூட்டம் வேறு, மைதானக் கூட்டம் வேறு. சந்தைக்கு விடிகாலையில் ஒருவர் வருவார், ஒன்பது மணிக்கு ஒருவர் வருவார், ஒருவர் போக ஒருவர் வருவார். நாள் முழுவதும் இருபதாயிரம் பேர் வந்து போனாலும் தெருவில் ஒரு நேரத்தில் இருப்பவர்கள் இரண்டாயிரம் பேர்தான். மைதானத்துக்கு வருகிறவர்களும் மூன்று மணி நேரம் பரவலாகத்தான் வருகிறார்கள். ஆனால் விசில் ஊதியதும் அத்தனை பேரும் ஒரே நிமிடத்தில் எழுந்து வாசலுக்கு வருகிறார்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

நாற்பதாயிரம் பேர் வந்ததாக வைத்துக்கொள்வோம். எல்லோரும் காரில், காருக்கு நான்கு பேராக வந்தால் பத்தாயிரம் கார். ஒரு கார் நிற்கவும், அது உள்ளே வந்து திரும்பிப் போக வழி விடவும் சேர்த்து 25 சதுர மீட்டர் வேண்டும். பத்தாயிரம் காருக்கு இரண்டரை லட்சம் சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 62 ஏக்கர். நகரத்தின் நடுவில் 62 ஏக்கருக்கு எங்கே போவது? சரி, எப்படியோ இடம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வெளியே போக நான்கு தடம் இருந்து, சிக்னலும் சந்திப்புமாக ஒரு தடத்தில் மணிக்கு 900 கார் நகர்ந்தால், கடைசிக் கார் வெளியேற ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். ஆகவே பார்க்கிங் இடத்தைப் பெருக்கினால் தொல்லை தீரும் என்பது சரியல்ல. வண்டி நிற்கும் இடத்தைவிட வெளியேறும் வாய்தான் முக்கியம். சாக்கு எவ்வளவு பெரிதானாலும் வாய் சிறிதாக இருந்தால் கொட்ட நேரம் ஆகத்தானே செய்யும்?

அதே நாற்பதாயிரம் பேரை பஸ்ஸில் ஏற்றினால், பஸ்ஸுக்கு 50 பேர் வீதம் 800 நடை. கொச்சி மெட்ரோவின் மூன்று பெட்டி ரயில் ஒன்றில் சுமார் 975 பேர் போகலாம். ஆறு நிமிடத்துக்கு ஒரு ரயில் என்று வைத்தால், இரண்டு திசையிலும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய இருபதாயிரம் பேர் போய்விடுவார்கள். கூட்டத்தில் பாதி ரயிலில் போனாலே தெரு மூச்சு விடும்.

கொச்சிக்காரர்கள் இதை அனுபவத்தில் கற்றார்கள். கலூர் ஜவாஹர்லால் நேரு மைதானம் 1996ல் திறக்கப்பட்டது. கட்டியது கொச்சி வளர்ச்சி ஆணையம். மைதானத்தைச் சுற்றி, பார்வையாளர் படிகளுக்குக் கீழேயே கடைகளும் உணவகங்களும் அலுவலகங்களும் வாடகைக்கு இருக்கின்றன. கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. வாடகை வருகிறது, மைதானப் பராமரிப்புக்கு உதவுகிறது என்று ஏற்பாடு செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. 2014ல் ஐ.எஸ்.எல். போட்டிகள் தொடங்கி, கேரளா பிளாஸ்டர்ஸ் அணி அங்கே ஆட ஆரம்பித்த பிறகு மேட்ச் நாள் என்பது எப்போதோ வருவது என்றில்லாமல் அடிக்கடி வருவதாயிற்று.

2017 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. கொச்சியில் முதல் நாளே, அக்டோபர் 7ல், பிரேசிலும் ஸ்பெயினும் மோதின. அதற்காகப் படிக்குக் கீழே இருந்த கடைகளை எல்லாம் பாதுகாப்புக் காரணம் காட்டிக் காலி செய்யச் சொன்னார்கள். கேஸ் சிலிண்டரும் அடுப்பும் இருக்கிற உணவகத்துக்கு மேலே ஆயிரக்கணக்கானோர் உட்காருவது ஆபத்து என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாடகை கட்டி, முன்பணம் கொடுத்து, ஆள் வைத்துத் தொழில் நடத்துகிறவன் வாரக்கணக்கில் கதவடைத்தால் சம்பளம் யார் கொடுப்பது? கடைக்காரர்கள் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கடைசியில் கடைகள் அடைக்கப்பட்டன. ஆனால் நஷ்ட ஈடு என்ற கேள்வியும் கோர்ட்டில் எழுந்தது. சும்மா இருந்திருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது.

அந்தப் போட்டியின்போது இன்னொன்றும் நடந்தது. ஆபத்து என்றால் கூட்டம் சீக்கிரம் வெளியேற வேண்டும் என்ற காரணத்தால் மைதானத்தில் அனுமதிக்கப்பட்டவர்கள் எண்ணிக்கை முப்பதாயிரத்துக்கும் கீழே குறைக்கப்பட்டது. அதைவிடப் பல மடங்கு கூட்டத்தைக் கண்ட மைதானம் அது. இடம் இருந்தும் வழி போதாததால் ஆளைக் குறைத்தார்கள். நான் மேலே சொன்ன சாக்கு வாய்க் கணக்கு இதுதான்.

போக்குவரத்து விஷயத்தில் கொச்சிக்கு அதிர்ஷ்டம் இருந்தது என்றே சொல்ல வேண்டும். ஆலுவாவிலிருந்து பாலாரிவட்டம் வரை மெட்ரோ 2017 ஜூன் 17ல் தொடங்கியது. அக்டோபர் 3ல் அது மகாராஜா கல்லூரி வரை நீண்டபோது மைதானத்தை ஒட்டியே ஒரு நிலையம் கிடைத்தது. முதல் ஆட்டத்துக்கு நான்கே நாள் முன்பு! அதன்பின் பெரிய ஆட்டங்களுக்கு வடக்கிலிருந்து வருகிறவர்கள் வண்டியை ஆலுவா பக்கம் விட்டுவிட்டு மெட்ரோவில் வரும்படி போலீஸார் சொல்கிறார்கள், ரயிலும் இரவில் நேரம் கடந்து ஓடுகிறது. வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆளை மட்டும் உள்ளே கொண்டுவரும் இந்த முறைதான் இதுவரை பார்த்ததில் பலன் தந்தது.

சென்னைக்காரர்களுக்குச் சேப்பாக்கம் இருக்கிறது. அது கிரிக்கெட் மைதானம் என்றாலும் திருவல்லிக்கேணி வியாபாரிக்கு இரண்டும் ஒன்றுதான். 2023 மார்ச்சில் அங்கே புதிய பார்வையாளர் மாடம் திறக்கப்பட்டு இருக்கைகள் கூடின. மாடம் கூடியதே தவிர வாலாஜா ரோடும் பெல்ஸ் ரோடும் ஓர் அடிகூட அகலவில்லை. ஆனால் 1995லிருந்து சேப்பாக்கத்தில் பறக்கும் ரயில் நிலையம் உண்டு, 2019லிருந்து அண்ணா சாலையில் அரசினர் தோட்டம் மெட்ரோவும் உண்டு. சமீப வருடங்களில் ஐ.பி.எல். டிக்கெட்டைக் காட்டினால் மாநகர பஸ்ஸிலும் மெட்ரோவிலும் கட்டணமில்லாமல் போகும் ஏற்பாடுகள் செய்யப்பட்டன. ஜெர்மனியில் கால்பந்து டிக்கெட்டே பஸ், ரயில் டிக்கெட்டாகவும் செல்லும் வழக்கம் நீண்ட காலமாக இருக்கிறது. ஏற்கெனவே பணம் கட்டியாயிற்று என்ற நினைப்பு வந்தால் மனிதன் வண்டியை வீட்டில் வைத்துவிட்டு வருவான். வியாபாரிகளுக்கு இந்த மனசைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தின் ஆன்ஃபீல்டு மைதானம் 2016ல் சுமார் 54 ஆயிரம் இருக்கைகளாகவும், 2024ல் சுமார் 61 ஆயிரமாகவும் பெரிதானது. சுற்றிலும் சின்னச் சின்னத் தெருக்கள். ஆட்ட நாளில் அந்தத் தெருக்களில் பர்மிட் உள்ளவர் மட்டுமே வண்டி நிறுத்தலாம். அதே நகரத்தில் எவர்ட்டன் அணி 2025ல் துறைமுகப் பக்கம் புது மைதானத்துக்குக் குடிபெயர்ந்தபோது, அரை மணி நேர நடை தூரம் வரை பார்க்கிங் கட்டுப்பாடு என்று நகராட்சி திட்டமிட்டது. அங்கே பட்டறையும் கிடங்கும் வைத்துத் தொழில் செய்பவர்கள், எங்கள் வேலையாட்களும் வாடிக்கையாளரும் வண்டியை எங்கே விடுவது என்று ஆட்சேபித்தார்கள். சீமையிலும் வியாபாரியின் குரல் இதே குரல்தான்.

மேட்ச் நாளில் எல்லா வியாபாரிக்கும் நஷ்டம் என்று சொன்னால் பொய். டீக்கடை, பேக்கரி, குளிர்பானம், சட்டை, கொடி விற்கிறவருக்கு அன்று தீபாவளி. துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை, மருந்துக்கடை ஆகியவற்றுக்கு அன்று வழக்கமான வாடிக்கையாளர் வரமாட்டார். வீட்டுப் பெண்மணிகள் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார்கள். மொத்த வியாபாரிக்குச் சரக்கே வந்து சேராது. ஒரே சங்கத்தில் இந்த மூன்று வகையினரும் உறுப்பினர்கள். அதனால்தான் சங்கங்கள் இந்த விஷயத்தில் ஒரே குரலில் பேச முடியாமல் போய்விடுகிறது. பேசுவதற்கு முன் நமக்குள் உட்கார்ந்து, யாருக்கு எந்த நேரம் முக்கியம் என்று தீர்த்துக்கொள்வது நல்லது. லாபம் பெறுகிற கடைக்கு மாலை முக்கியம், சரக்கு இறக்குகிற கடைக்குக் காலை முக்கியம். இதில் சண்டைக்கே இடமில்லை.

இனி நம் ஊர் விஷயம். மாசியில் பொக்காபுரம் மாரியம்மன் கோவில் திருவிழா வரும்போது, தமிழ்நாட்டின் பல பக்கமிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். தேர் அன்று இரவு ஒரே நேரத்தில் கூட்டம், அது முடிந்ததும் ஒரே நேரத்தில் புறப்பாடு. கலூருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மசினகுடிக்கு உள்ளே வர இரண்டே கதவு. ஒன்று தெப்பக்காடு, மற்றொன்று 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டி. சுற்றிலும் புலிகள் காப்பகம், பார்க்கிங்குக்கு ஒரு சென்ட் காட்டைத் தொட முடியாது, தொடவும் கூடாது. பந்திப்பூர் வழி 2009லிருந்து இரவு 9 முதல் காலை 6 வரை அடைப்பு. மெட்ரோ நமக்கு வரப்போவதில்லை.

ஆனால் ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்தி ஆளை மட்டும் பஸ்ஸில் கொண்டுவரும் முறை நமக்கும் பொருந்தும். திருவிழாவுக்கு ஊட்டியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் சிறப்பு பஸ்கள் விடுகிறார்கள். கூடலூரிலேயே கார்களை நிறுத்த இடம் ஒதுக்கி, அங்கிருந்து அடிக்கடி பஸ் விட்டால் தெப்பக்காட்டில் நெரிசல் பாதியாகும் என்பது என் அபிப்பிராயம். கார் வராவிட்டால் வியாபாரம் போய்விடும் என்று சில நண்பர்கள் பயப்படுகிறார்கள். நெரிசலில் நிற்கும் காரில் இருப்பவர் இறங்கிச் சாமான் வாங்கி நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் வந்து நடந்து போகிறவர்தான் கடைக்குள் வருகிறார்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வந்ததும், 2025 ஏப்ரலில் வார நாட்களில் 6 ஆயிரம், வார இறுதியில் 8 ஆயிரம் வண்டி என்று உச்சவரம்பு வைத்ததும், ஏப்ரல் 2ல் மாவட்ட வணிகர்கள் கடையடைத்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். நானும் அன்று கடை அடைத்தேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வண்டியை எண்ணுகிற உத்தரவு அது, ஆளை எண்ணுகிற உத்தரவு அல்ல. ஐம்பது பேர் வரும் பஸ்ஸும் இரண்டு பேர் வரும் காரும் ஒரே கணக்கில் வரக்கூடாது என்று நாம் கேட்டிருக்க வேண்டும். கடையடைப்பில் வேகம் இருந்தது, கணக்கு இல்லை.

திருவிழாவுக்கு நான் கேட்பது நான்கு காரியம். தேர் தேதியும் சாலை அடைப்பு நேரமும் ஒரு மாதம் முன்பே கடைக்காரர்களுக்கு எழுத்தில் தெரிய வேண்டும். சரக்கு வண்டிகளுக்குக் காலை 6 முதல் 10 மணி வரை தடையில்லாத வழி வேண்டும். காய்கறி, பால், கேஸ், மருந்து வண்டிகளுக்கு நம்பர் எழுதிய பாஸ் வேண்டும். கடை வாசலில் அரை மணி நேரத்துக்கு மேல் வெளி வண்டி நிற்கக்கூடாது என்று போர்டு வேண்டும், போர்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும். ஆள் இல்லாத போர்டில் அடுத்த நாள் சினிமா போஸ்டர்தான் ஒட்டியிருக்கும்.

என் அளவில், திருவிழாவுக்கு ஐந்து நாள் முன்பே அரிசி, சர்க்கரை, பருப்பு, எண்ணெய் எல்லாம் கிடங்கில் இறக்கிவிடுகிறேன். கடன் வட்டி கொஞ்சம் கூடும், பரவாயில்லை. குண்டல்பேட்டையிலிருந்து வரும் தக்காளியையும் கொத்தமல்லியையும் அப்படி ஐந்து நாள் வைத்திருக்க முடியாது. அந்த இரண்டு வண்டிக்காவது பாஸ் கிடைக்குமா என்று சங்கத்தின் மூலம் கேட்டு, கடிதத்தின் நகலைக் கடையில் வைத்திருக்கிறேன்.